கூரை உள்ள நீர்: யுகட்டான் குகைகளுக்குள் முக்குளிப்பது ஏன் தனிக் கலை

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், நீரடிக் குகைகள் பலவற்றுக்குள் வெளிச்சம் முடியும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. நீண்ட பிடி வைத்த அரிவாளை ஏந்திய எலும்புக்கூட்டின் படம். மேலே பெரிய எழுத்தில் 'நில்' என்று இருக்கும். உன் சாவைத் தவிர்த்துக்கொள், இதற்கு மேல் போகாதே என்கிறது அடுத்த வரி. இதுபோன்ற குகைகளில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஸ்கூபா பயிற்றுநர்களும் உண்டு என்று அதே பலகை தொடர்கிறது.

பயிற்றுநர்கள் என்ற அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன். பிறருக்கு முக்குளிக்கச் சொல்லிக்கொடுப்பவர் அவர்; நூற்றுக்கணக்கான முறை கடலுக்குள் இறங்கி ஏறியிருப்பார். துலும் நகருக்கு வடக்கே உள்ள டோஸ் ஓஹோஸ் குகையில் சுற்றுலாப் பயணிகள் நீந்தும் பாதையின் ஆழம் சுமார் 10 மீட்டர்தான். கடலில் 10 மீட்டர் என்பது முதல் வாரப் பயிற்சியிலேயே இறங்கும் ஆழம். நீரோ கண்ணாடி போலத் தெளிந்தது. அலை இல்லை, இழுக்கும் நீரோட்டம் இல்லை, சுறா இல்லை. அப்படிப்பட்ட நீரில் கைதேர்ந்தவர்கள் ஏன் இறந்தார்கள்? இந்தக் குகைகள் எப்படி உருவாயின, எப்படி நீரில் மூழ்கின என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். மலைப் பிளவை நம் பழந்தமிழ் 'விடர்' என்றது. நிலத்தடிக் குகையைப் 'பிலம்' என்றது. கடலுக்கடியிலும் இரண்டும் உண்டு. பவளப்பாறைகளுக்கிடையே செங்குத்தான சுவர்களோடு இறங்கும் நீரடி விடர்களில் முக்குளிப்பது உலகெங்கும் பரவலான பொழுதுபோக்கு. இரு பக்கமும் சுவர் நெருக்கினாலும் தலைக்கு மேலே வானம் இருக்கிறது. காற்று தீர்ந்தாலும், முகமூடிக்குள் நீர் புகுந்தாலும், மனம் கலங்கினாலும் மெல்ல மேலே ஏறினால் உயிரோடு இருக்கலாம். திறந்த நீரில் தரப்படும் பயிற்சி முழுவதும், எந்தச் சிக்கலுக்கும் கடைசி வழி மேல்நோக்கியே என்ற ஒரே நம்பிக்கையின் மீது நிற்கிறது. பிலத்துக்குள் அந்த வழி கிடையாது. மேலே இருப்பது பாறை. வெளியேற ஒரே வழி, வந்த வழியே திரும்புவது. வாசல் 200 மீட்டர் பின்னால் இருந்தால், நீர் 5 மீட்டர் ஆழமா 50 மீட்டர் ஆழமா என்ற கேள்விக்கே பெரிதாகப் பொருள் இல்லாமல் போகிறது. குகையின் ஆபத்து அதன் கூரையில் இருக்கிறது.

2018-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டபோது, உலகமே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. நம் வீடுகளிலும் அதுதான் பேச்சு. தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் படையினர் நீருக்குப் பழகிய வலிமையான வீரர்கள். ஆனால் சிறுவர்களை முதலில் கண்டடைந்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரு பிரித்தானியர். வார இறுதிகளில் குளிர்ந்த, சேறு மண்டிய குகைகளுக்குள் இறங்குவதையே பல ஆண்டுகளாகப் பழக்கமாகக் கொண்டவர்கள். மீட்பின்போது காற்றுருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்த சமன் குனான், கடற்படைச் சிறப்புப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய துணிவைப் பற்றியோ உடல் வலிமையைப் பற்றியோ யாரும் ஐயம் எழுப்ப முடியாது. நீருக்கடியில் இருத்தல் வேறு, நீருள்ள குகைக்குள் இருத்தல் வேறு என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது.

யுகட்டானுக்குத் திரும்புவோம். தீபகற்பத்தின் வடபகுதியில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழை நன்றாகவே பெய்கிறது. பெய்த நீர் தரையில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. தரை முழுவதும் சுண்ணாம்புக்கல். முற்காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் கிளிஞ்சலும் பவளமும் படிந்து படிந்து இறுகிய கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கரைத்து, வழியை அகலமாக்குகிறது. இதுவரை பள்ளிப் பாடம்.

பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒன்று இதற்கடுத்து நடக்கிறது. கடற்கரையை ஒட்டிய நிலத்துக்கடியில் உவர்நீர் கடலிலிருந்து உள்ளே புகுந்து நிற்கிறது. எடை குறைந்த நன்னீர் அதன் மேல் ஒரு போர்வை போல மிதக்கிறது. நன்னீர் தன்னால் இயன்ற அளவு சுண்ணாம்பை ஏற்கனவே கரைத்துத் தெவிட்டிய நிலையில் இருக்கும். உவர்நீரும் அப்படியே. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை பாறைக்குத் தொல்லை இல்லை. ஆனால் அவை சந்திக்கும் தளத்தில் கலக்கும்போது, அந்தக் கலவைக்குப் புதிதாகப் பசி பிறக்கிறது. மேலும் சுண்ணாம்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு வந்துவிடுகிறது. ஆகவே பாறை அந்தச் சந்திப்புத் தளத்தை ஒட்டியே கிடைமட்டமாக அரிக்கப்படுகிறது. துலும் பகுதிக் குகைகள் ஆழமாகப் போகாமல் கிலோமீட்டர் கணக்கில் பக்கவாட்டில் நீண்டு கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கடல்மட்டம் ஏறி இறங்கியபோதெல்லாம் சந்திப்புத் தளமும் ஏறி இறங்கியது. குகைகளும் மாடி மாடியாக அமைந்தன.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடலுக்குத் திரும்ப வேண்டிய நீரில் ஒரு பகுதி பனியாக உறைந்து நிலத்தின் மேல் நின்றது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. யுகட்டானின் குகைகள் அப்போது காற்று நிறைந்த வெற்றுக் கூடங்கள். கூரையிலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளியும் ஒரு துணுக்குச் சுண்ணாம்பை விட்டுச்சென்றது. மேலிருந்து கல்விழுதும் கீழிருந்து கல்முளையும் வளர்ந்தன. இவை நீருக்கடியில் உருவாக முடியாதவை. துளி சொட்டுவதற்குக் காற்று வேண்டும். இன்று விளக்கோடு நீந்திப் போகிறவர் முன் ஆலமரத்தடி போலத் தொங்கும் அந்த விழுதுக்காடு, அந்த இடம் ஒரு காலத்தில் நடந்து போகக்கூடியதாக இருந்தது என்பதற்குக் கல்லில் எழுதிய சான்று. பனி உருகியது, கடல் ஏறியது, அதன் மேல் மிதந்த நன்னீரும் ஏறியது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குகைகளில் பெரும்பாலானவை நிரம்பிவிட்டன.

கூரையின் ஒரு பகுதி இடிந்து வானம் தெரியும் இடத்துக்கே செனோட்டே என்று பெயர். இங்கே தொன்றுதொட்டு வாழும் மாயா மக்களின் மொழிச் சொல் ஒன்று ஸ்பானியர் வாயில் மாறி இப்படி ஆனது. யுகட்டான் முழுவதும் இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் அழிவுக்குக் காரணமான விண்கல் விழுந்த சிக்சுலூப் பள்ளத்தின் விளிம்பில் செனோட்டேகள் அரைவட்டமாக வரிசை கட்டி நிற்பது உண்மை. ஆனால் அந்த வரிசை தீபகற்பத்தின் வடமேற்கில் இருக்கிறது. முக்குளிப்போர் திரளும் துலும் பகுதிக் குகைகள் கிழக்குக் கரையில், அதற்கு வெகுதொலைவில் உள்ளன. 'விண்கல் உண்டாக்கிய குகைக்குள் நீந்துங்கள்' என்று யாராவது துலுமில் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இந்த மண்ணில் ஆறில்லாத மாயா மக்களுக்குக் குடிநீர் தந்தவை செனோட்டேகளே. மழைத்தெய்வமான சாக் குடியிருக்கும் இடம் என்றும், ஷிபால்பா எனும் கீழுலகின் வாயில் என்றும் அவற்றை வணங்கினார்கள். பழைய மாயா நகரமான சிச்சென் இட்சாவின் புனிதச் செனோட்டே சுமார் 60 மீட்டர் அகலமுள்ளது. அமெரிக்கரான எட்வர்டு தாம்சன் 1904 முதல் அதைத் தூர்வாரி, பிறகு கிரேக்கக் கடற்பஞ்சுக் குளியாளர்களைத் துணைக்கு அழைத்துத் தாமே தலைக்கவச உடையில் உள்ளே இறங்கினார். பொன், பச்சைக்கல், சாம்பிராணி போன்ற கோபால் பிசின், மனித எலும்புகள் என வெளியே வந்த பெருஞ்செல்வத்தில் பெரும்பங்கு ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பகுதி மட்டும் பின்னாளில் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

இனி, உள்ளே போகிறவருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம்.

நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் தளத்தை, துலும் பகுதிக் குகைகளில் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கடக்க வேண்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு நீர்ப்பரப்பு போலவே தெரியும். நீருக்குள் இன்னொரு குளம். யாரும் அசைக்காதவரை அந்த எல்லை கண்ணாடித் தகடு போல நிற்கும். முன்னே போகிறவரின் காலசைவில் இரண்டு நீரும் கலந்ததும், வெந்நீரில் கற்கண்டு கரையும்போது நெளியுமே, அதுபோல எல்லாம் நெளியத் தொடங்கும். விளக்கொளி சிதறும். பின்னால் வருபவர் கையெட்டும் தூரத்தில் உள்ள கயிற்றையும் சரியாகப் பார்க்க முடியாமல் திணறுவார். நீர் கலங்கவில்லை, சேறும் எழவில்லை, ஆனாலும் கண் ஏமாறுகிறது. தளத்துக்குக் கீழே நீர் சற்றுச் சூடாகவும் இருக்கும்.

எடைக் கணக்கும் அங்கே மாறிவிடும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவர் நன்னீரில் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் சமநிலையில் மிதக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உவர்நீருக்குள் நுழைந்ததும் இரண்டரை கிலோ விசை அவரை மேலே தள்ளும். திறந்த கடலில் இது பொருட்டே இல்லை. தலைக்கு மேல் பத்தாயிரம் ஆண்டு பழைய கல்விழுதுகள் தொங்கும்போது, ஒரு கணம் தடுமாறினாலும் விழுது முறியும். அது மறுபடி வளரப் போவதில்லை.

கல்லைவிட ஆபத்தானது சேறு. குகைத் தரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நுண்ணிய வண்டல் படிந்திருக்கிறது. நீரோட்டம் மிக மெதுவாக இருப்பதால் ஒருமுறை எழுந்தால் அது அடங்கப் பல மணி நேரமாகலாம். காலைக் கீழ்நோக்கி உதைத்து நீந்துவது கடலில் இயல்பான முறை. அதே உதை குகையில் ஐந்து நொடிக்குள் பாலில் மூழ்கியது போன்ற குருட்டு வெண்மையை உண்டாக்கிவிடும். கூரையைத் தொடும் மூச்சுக் குமிழிகளும் மேலிருந்து துகள்களை உதிர்க்கும். அதனால்தான் குகைக்குள் நீந்துபவர்கள் முழங்காலை மடக்கி, பாதங்களை மேலே தூக்கி வைத்து, தவளையைப் போலப் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். நன்றாகப் பழகியவர் போன தடமே தெரியாது. தெளிந்த நீர் ஏமாற்றும் என்று சொல்வது இதைத்தான்: உள்ளே போகும்போது 50 மீட்டர் தொலைவு வரை தெரிந்த வழி, திரும்பும்போது விரல்நுனி தெரியாத இடமாக மாறியிருக்கலாம்.

அப்போது உயிரைத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு மெல்லிய நைலான் கயிறு. வாசலில் தொடங்கிப் போகும் தூரம் முழுவதும் அறுபடாமல் விரித்துக் கட்டிய வழிக்கயிறு. பாதை பிரியும் இடங்களில் அதில் முக்கோண வடிவப் பிளாஸ்டிக் குறிகள் மாட்டப்பட்டிருக்கும். முக்கோணத்தின் கூர்முனை எப்போதும் அருகிலுள்ள வாசலைக் காட்டும். அதன் வடிவம் கண்ணுக்காக அமைந்ததன்று, கைக்காக அமைந்தது. விளக்கு அணைந்து, சேறு எழுந்து, எதுவும் தெரியாத நிலையில் விரலால் தடவியே எந்தப் பக்கம் உயிர் என்று அறிந்துகொள்ள வேண்டும். குகைப் பயிற்சியில் மாணவரின் கண்ணை மறைத்துக் கயிற்றைத் தொட்டபடியே வெளியேறச் சொல்வார்கள். கயிற்றைக் கைவிட்டவர் அதை மீண்டும் தேடிப் பிடிப்பதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு.

இந்த ஒழுங்குகள் யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியவை அல்ல. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர், குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 1979-இல் ஒரு சிறு கையேடாக வெளியிட்டார். மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன: அறுபடாத வழிக்கயிறு இல்லை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்கவில்லை, தாங்கும் அளவுக்கு மேல் ஆழம் போனார்கள். குகைக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும், ஆளுக்கு மூன்று விளக்குகள் வேண்டும் என்ற இரண்டும் பின்னர் இவற்றோடு சேர்ந்தன. இறந்தவர்களின் பிழைகளை வெட்கப்படாமல் திறந்து வைத்துப் பேசியதுதான் இந்தத் துறையை வாழவைத்தது என்று நினைக்கிறேன். எத்தனையோ தொழில்களில் விபத்துகள் மூடி மறைக்கப்படுகின்றன. இவர்கள் ஒவ்வொரு சாவையும் பாடமாக மாற்றினார்கள். எக்ஸ்லியே 1994 ஏப்ரலில், வடகிழக்கு மெக்சிகோவின் சகத்தோன் என்ற மிக ஆழமான நீர்க்குழியில் சுமார் 270 மீட்டர் ஆழத்தை எட்டிய முயற்சியில் இறந்தார். தாம் வகுத்த விதிகளின் எல்லைக்கு வெகு அப்பால் இருந்த இடம் அது.

காற்றுக் கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில், காற்று அடைத்தால் 2,400 லிட்டர் கிடைக்கும். நிதானமாக நீந்தும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று செலவாகும், அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். மொத்தம் 60 நிமிடம். குகை விதிப்படி மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடக்கூடாத இருப்பு. ஆக, 20 நிமிடம் உள்ளே போனதும், எவ்வளவு அழகான கூடம் எதிரே தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். 30 மீட்டர் ஆழமென்றால் அந்த 20 நிமிடம் 10 நிமிடமாகச் சுருங்கும்.

அந்த மூன்றாவது பங்கு யாருக்காக? தனக்காக அல்ல, கூட வருபவருக்காக. இருவரும் மிகத் தொலைவான புள்ளியில் இருக்கும்போது ஒருவருடைய காற்று முழுவதும் போய்விட்டது என்று கொள்வோம். மற்றவரிடம் இரண்டு பங்கு இருக்கிறது. இருவரும் வெளியேற ஆளுக்கு ஒரு பங்கு தேவை. கணக்கு மிகச் சரியாக முடிகிறது. மிகச் சரியாக முடிவதே அதன் குறை. காற்றை இழந்தவர் பதற்றத்தில் இரு மடங்கு மூச்சிழுப்பார். ஒரே உருளையைப் பகிர்ந்துகொண்டு வேகமாக நீந்தவும் முடியாது. எனவே அனுபவம் மிக்கவர்கள் மூன்றில் ஒன்றை உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு அதற்கு முன்பே திரும்புகிறார்கள். பகிர்ந்து மூச்சுவிடும் குழாயும் இங்கே இரண்டு மீட்டர் நீளம். கடலில் தோளோடு தோள் சேர்ந்து ஏறலாம். குறுகிய குகை இடுக்கில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ பயிற்சி முடித்துத் திறந்தநீர்ச் சான்றிதழோடு யுகட்டானுக்குப் போகும் நம்மவர்கள் இந்தக் குகைகளைப் பார்க்கவே முடியாதா? முடியும். இயற்கை வெளிச்சம் எட்டும் முகப்புப் பகுதியில், முழுக் குகைப் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு, அதிகபட்சம் நான்கு பேர் ஒரு குழுவாகச் செல்லலாம். எந்த இடத்திலிருந்தும் திறந்த நீர் சுமார் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மேலிருந்து பச்சை இலைகளுக்கிடையே விழும் கதிர்கள் நீரில் தூண் தூணாக நிற்பதைப் பார்ப்பதற்கு அதுவே போதும். ஆனால் நான்கு பேருக்கு மேல் கூட்டிச் செல்ல ஒரு வழிகாட்டி முன்வந்தாலோ, பலகையைத் தாண்டி 'கொஞ்சம் உள்ளே காட்டுகிறேன்' என்றாலோ, கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை என்று அங்கேயே நின்றுவிடுங்கள். வெளிச்ச எல்லையைத் தாண்டும் ஆசை வந்தால் அதற்கென்று உள்ள பயிற்சியை முறையாகப் பெறுங்கள். குறுக்கு வழி எதுவும் இல்லை.

பலகைக்கு அப்பால் போக உரிமை பெற்றவர்கள் கண்டெடுத்தவை மனித வரலாற்றையே திருத்தியிருக்கின்றன. 2007-இல் ஆல்பர்டோ நாவா, அலெஹாந்த்ரோ அல்வாரெஸ், பிராங்கோ அத்தோலினி ஆகிய மூவர் ஒரு நீரடிச் சுரங்கப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று தரை இல்லாமல் போனது. விளக்கைக் கீழே காட்டினால் அடி தெரியவில்லை. ஓயோ நெக்ரோ, அதாவது 'கருங்குழி' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அடியில் இறங்கியபோது, யானைக்கு உறவான, அழிந்துபோன விலங்கொன்றின் எலும்புகள், நிலத்தில் வாழ்ந்த பெரும் ஸ்லாத் விலங்குகள், வாள்பல் பூனை. அவற்றோடு ஒரு மனித மண்டையோடு, தலைகீழாகக் கவிழ்ந்து தன் மேல்கை எலும்பின் மீது சாய்ந்து கிடந்தது.

பதினைந்து, பதினாறு வயதுப் பெண். நையா என்று அழைத்தார்கள். 12,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். வழக்கமாகக் காலம் கணிக்க உதவும் கொலாஜன் என்ற புரதம் எலும்பில் எஞ்சாததால், பல்லின் எனாமலையும், எலும்பின் மேல் பூப்போலப் படிந்திருந்த சுண்ணாம்பையும் கொண்டு காலத்தைக் கணித்தார்கள். அந்தச் சுண்ணாம்புப் பூக்கள் காற்றில்தான் வளர முடியும். ஆகவே அவள் விழுந்தபோதும், விழுந்து வெகுகாலம் கழித்தும் குழியின் அந்தப் பகுதி உலர்ந்தே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, விழுந்த வேகத்தில் முறிந்திருக்கலாம். இருட்டில் நடந்து வந்த ஒரு சிறுமி, தரை இல்லாத இடத்தில் காலெடுத்து வைத்துவிட்டாள். ஜேம்ஸ் சாட்டர்ஸ் தலைமையில் 2014-இல் வெளியான ஆய்வு, அவள் பல்லிலிருந்து எடுத்த மரபணு இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் காணப்படும் தாய்வழி மரபைச் சேர்ந்தது என்று காட்டியது. மண்டையோட்டின் அமைப்பு வேறாக இருப்பதால் முதல் அமெரிக்கர்கள் வேறு இனத்தவர் என்று நீண்ட காலம் நடந்த வாதத்துக்கு அது பெரிய பதில்.

2020-இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. லா மினா என்று பெயரிடப்பட்ட நீரடிக் குகையில் மனிதர்கள் 12,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் செங்காவி வெட்டியெடுத்திருக்கிறார்கள். தோண்டிய குழிகள், குவித்த கற்கள், நெருப்பு மூட்டிய கரி, சுத்தியலாகப் பயன்பட்ட கல்முளைத் துண்டுகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வாசல் வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போய் வேலை செய்தவர்கள், வழி தவறாமல் திரும்புவதற்காகப் பாதையோரம் கற்களை அடுக்கியும் கல்முளைகளை முறித்தும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லடுக்குகளின் அருகிலேயே இன்று நைலான் கயிறு போகிறது.

இருட்டிலேயே பிறந்து வாழும் உயிர்களும் உண்டு. கண்ணில்லா மீன்கள், நிறமற்ற இறால்கள், மரவட்டை போல உடல் முழுவதும் கால்களோடு மல்லாந்து நீந்தும் ரெமிப்பீடுகள். இந்தக் கடைசி வகை உயிரோடு இருக்கிறது என்பதே 1979-இல் பகாமாஸ் குகையொன்றில் ஜில் யேகர் கண்டறியும்வரை உலகுக்குத் தெரியாது. யுகட்டானில் வாழும் ஒரு ரெமிப்பீடு நஞ்சு கொண்டது என்று 2013-இல் தெரியவந்தது. ஓட்டுடலிகளில் நஞ்சுள்ளதாக உறுதியான முதல் உயிர் அதுவே. வெயிலே படாத இடத்தில் இவற்றுக்கு உணவு எது? மேலே காட்டு மண்ணில் உருவாகி நீரோடு கீழே இறங்கும் மீத்தேனை நுண்ணுயிரிகள் உண்கின்றன. அவற்றை மற்றவை உண்கின்றன என்று 2017-இல் விளக்கினார்கள். காடு வெட்டப்பட்டால் குகைக்குள் பட்டினி.

மேலே நடப்பது எதுவும் கீழே போய்ச் சேராமல் இருப்பதில்லை. சல்லடை போன்ற கல்லின் மேல் கன்கூன், பிளாயா தெல் கார்மென், துலும் என்று விடுதி நகரங்கள் வளர்ந்துவிட்டன. சுத்திகரிக்காத கழிவுநீர் கல்லுக்குள் இறங்கி, குகை வழியே நடந்து, கரைக்கு எதிரே உள்ள பவளத்திட்டில் கலக்கிறது. தீபகற்பத்தைச் சுற்றிவர அரசு அமைத்த மாயா ரயில் திட்டம் இன்னொரு காயம். கன்கூனுக்கும் துலுமுக்கும் இடையிலான ஐந்தாம் பகுதியை நெடுஞ்சாலையை ஒட்டி அமைப்பதாக இருந்தார்கள். 2022-இல் அதைக் காட்டுக்குள் நகர்த்தினார்கள். பாதையைத் தாங்க, எஃகு உறைக்குள் கான்கிரீட் நிரப்பிய தூண்கள் குகைக் கூரைகளைத் துளைத்து உள்ளே இறங்கின. நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதித்தன. அன்றைய மெக்சிகோ அதிபர் லோபஸ் ஒப்ரதோரின் அரசு இது தேசப் பாதுகாப்புத் திட்டம் என்று அறிவித்து வேலையைத் தொடர்ந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் வறுமையைப் போக்க ரயில் வேண்டும் என்ற வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆனால் மக்கள் குடிக்கும் நீர் ஓடும் குகையின் நடுவில் தூண் நடுவதற்கு அந்த வாதம் போதாது.

எந்தத் தூண் எந்தக் குகைக்கு மேல் வருகிறது என்று நாட்டுக்குக் காட்டியவர்களில் குகை முக்குளிப்போர் முன்னணியில் நின்றார்கள். அவர்களிடம் வரைபடம் இருந்தது. வழிக்கயிற்றில் சுமார் மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பார்கள். கயிறு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் திசைகாட்டியைப் பார்த்து, ஆழத்தைக் குறித்து, முடிச்சுகளை எண்ணி, நீருக்கடியிலேயே பலகையில் எழுதிக்கொண்டு வருவார்கள். 2018 ஜனவரியில் ராபர்ட் ஷ்மிட்னர், 263 கிலோமீட்டர் நீளமுள்ள சாக் அக்துன் குகைத்தொகுதியும் டோஸ் ஓஹோஸ் தொகுதியும் நீருக்கடியில் ஒன்றே என்று நிறுவியபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று சொல்ல முடிந்ததும் இந்த முடிச்சுக் கணக்கால்தான். அரசின் ரயில் பாதைக் கோட்டின் மேல் அவர்கள் வைத்துக் காட்டியது, மூன்றில் ஒரு பங்குக் காற்று தீர்வதற்குள் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர்கள் பல ஆண்டுகளாக இப்படி எண்ணிச் சேர்த்த கோடுகளை.